வறண்ட கிணற்றுச் சந்தில் மூன்று இரவுகள்

தொலேதோ,
மார்ச் 14, சனிக்கிழமை.

என் கண்ணான மகன் லெயாந்த்ரோவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம் இது. இங்கே நான், அப்பா, காசில்தா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, ஈஸ்டருக்குள் பிரித்துவிடுவார்கள். உலகத்தின் தென்கோடிப் பூந்தா அரேனாஸ் காற்று உன்னைக் கடலுக்குள் தூக்கிப் போடாமல் விட்டுவைத்திருக்கிறதா, மீன் பண்ணையில் ஈரக் காலுறையோடு நாள் முழுக்க நிற்காமல் மாற்றிக்கொள்கிறாயா, மருமகள் யெர்காவும் அவள் அப்பா அம்மாவும் சுகமா என்று எழுது. (அண்ணா, நான் காசில்தா. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அம்மாவுக்குக் கைக்குத்தான் கட்டு, வாய்க்கு இல்லை, அதனால் ஓடி ஓடி எழுதவேண்டியிருக்கிறது. மூக்குக் கண்ணாடி சமையலறையில் கிடக்கிறது, எழுந்து போய் எடுத்துவந்து நான் எழுதியதைச் சரிபார்க்கிற பொறுமை அம்மாவுக்குக் கிடையாது. உனக்கும் எனக்கும் அது வசதி.)

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். ‘ஜூன் மாதம் திருவுடல் திருநாள் வாரத்தில் நான்கு பேராக வருகிறோம், யெர்காவின் வீட்டார் இதுவரை கடல் தாண்டியதில்லை, எதை முன்னாலேயே வாங்கி வைக்கவேண்டும், எதில் ஏமாறக்கூடாது, எல்லாவற்றையும் எழுது’ என்று கேட்டிருந்தாய். மாட்ரிட் விமான நிலையத்தில் யாராவது சிரித்துக்கொண்டே வந்து பெட்டியைத் தூக்க வந்தால் கொடுக்காதே, நேராக அதோச்சா ரயில் நிலையத்துக்கு வந்துவிடு. அங்கிருந்து நம்மூருக்கு அரை மணி நேரம்தான், ஆனால் அந்த ரயிலில் நின்றுகொண்டு வர விடமாட்டார்கள், திருநாள் வாரத்தில் இடமே கிடைக்காது, அதனால் போக வர இரண்டுக்கும் சீட்டை இப்போதே வாங்கிவிடு, விமானம் தாமதமாகும் என்று கணக்கு வைத்து இரண்டு ரயில் தள்ளியே எடு. நம்மூர் நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் கூரையைப் பார்த்தபடி நின்றுவிடுவார்கள், நீ அவர்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸைப் பிடி, கூரை எங்கேயும் ஓடிப்போகாது, திரும்பும்போது பார்க்கலாம். நடந்தே ஏறிவிடலாம் என்று மட்டும் சொல்லாதே, யெர்காவின் அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை என்றாயே, பாலம் வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கும், அதற்கப்புறம் மலை தன் புத்தியைக் காட்டும். டாக்சியும் வேண்டாம், பாதித் தெருவை அடைத்திருப்பார்கள், பாதி வழியில் இறக்கிவிட்டு முழுக்காசு கேட்பான். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், தோளில் மாட்டுகிற பையாகக் கொண்டு வாருங்கள், கல் பாவிய தெருவில் ஒரு சக்கரமும் உயிரோடு மேலே போய்ச் சேராது. யெர்காவின் அம்மா குதிகால் வைத்த செருப்பை ஊரிலேயே விட்டுவிட்டு வரட்டும், திருநாளுக்குத் தெருவெல்லாம் வாசனைத் தழை பரப்புவார்கள், மிதிபட்டு மிதிபட்டுச் சோப்பு மாதிரி வழுக்கும், எனக்கு ஒரு கை போனது போதும். உங்களுக்கு அது குளிர்காலம், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், தொப்பி எடுத்துக்கொள்.

பெரிய கோவிலை வியாழக்கிழமை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், அன்று பூசைக்கும் பவனிக்கும்தான், அதனால் புதன்கிழமை காலையிலேயே கூட்டம் வருவதற்கு முன் உள்ளே போய்விடு, சீட்டு வாங்குகிற இடம் வாசலில் இல்லை, எதிர்க்கடையில். பாதாம் இனிப்பு வாங்குவதென்றால் வாள் தொங்கவிட்டிருக்கிற கடைகளில் வாங்காதே, கன்னியர் மடத்துச் சுழல் சன்னலில் வாங்கு, முகம் தெரியாது, குரல்தான் வரும், மரியாதையாகப் பேசு. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஊரே தூங்கும் என்று முன்னாலேயே அவர்களிடம் சொல்லிவை, இல்லாவிட்டால் பசியோடு அலைந்து நம்மூரைத் திட்டுவார்கள். (யெர்காவின் அப்பாவுக்கு ஒரு நீள வாள் வாங்கிக்கொடு அண்ணா. வாள் வாங்கியவர் விமான நிலையத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.)

இனி நீ கடைசியாகக் கேட்டது. ‘எங்கேயும் இடமில்லாமல் இந்த ஒரு வீடுதான் கிடைத்தது, செவ்வாயிலிருந்து வெள்ளி வரை மூன்று இரவுக்கு எடுத்துவிட்டேன், ஆறு பேர் தங்குகிற வீடு, நம்ம வீட்டில் எல்லோரையும் நெருக்கிப் படுக்கவைத்து உனக்கு வேலை வைக்கவேண்டாம் என்றுதான்’ என்று எழுதி, ஐந்து படமும் அனுப்பியிருந்தாய். முகவரியை வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தருவார்களாம், பழைய ஊருக்குள் என்று மட்டும் போட்டிருக்கிறதாம், ‘படத்தைப் பாத்தா தெருவைக் கண்டுபிடிக்க முடியுதாம்மா, அங்கேருந்து நம்ம வீட்டுக்கு எத்தனை நிமிஷ நடை’ என்று கேட்டிருந்தாய். (இங்கே அம்மா நிறுத்திவிட்டார். ரொம்ப நேரமாகச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்துமிடம் தவிர ஒன்றும் கிடையாது. ‘எழுதட்டுமா, வேணாமா’ என்றேன். ‘எழுதுடி. போன்ல சொன்னா நான் மறுபடியும் பொய்தான் சொல்லுவேன். அதுக்குத்தானே கடுதாசி’ என்கிறார்.)

மகனே, அந்த மூன்றாவது படத்தை எடுத்துப் பார். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கட்டில், பக்கத்தில் சன்னல், சன்னல் கம்பியில் இடமிருந்து நான்காவது கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. அதற்குக் கீழே ‘இடைக்காலத்து அசல் இரும்பு வேலைப்பாடு’ என்று எழுதியிருக்கிறார்கள். உனக்கு ஆறு வயதில், எதிர்வீட்டுப் பூனையைக் கூப்பிடுகிறேன் என்று தலையை விட்டுவிட்டு எடுக்கமுடியாமல் ஊரைக் கூட்டினாயே, அப்பா யாருடைய வண்டியிலிருந்தோ ஜாக்கியைக் கொண்டுவந்து முறுக்கி உன் காதைக் காப்பாற்றினாரே, அந்தக் கம்பிதான். அது நம் வீடு. வறண்ட கிணற்றுச் சந்து, ஏழாம் எண், இரண்டாம் மாடி. நீ மூன்று இரவுக்கு எடுத்திருப்பது நீ பிறந்த வீட்டை. உனக்குத் தெரியாமல் போனது உன் தப்பில்லை, நாங்கள் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும்போது அதை வேறு யாருடைய வீடாகவோ எப்படிப் பார்ப்பாய்.

நாங்கள் அங்கே இல்லை. இந்தப் பெப்ரவரியோடு இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரக் கிழவி இறந்ததும் அவளுடைய சகோதரன் பிள்ளைகள் மூவரும் கட்டடத்தையே விற்றுவிட்டார்கள், வாங்கியவன் யார் என்று முகம்கூடப் பார்க்கவில்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று ஒரு பதிவுத் தபால்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தது யார் தெரியுமா, அப்பாவோடு முப்பது வருஷம் தபால் பை தூக்கிய வெனான்சியோதான். கையெழுத்து வாங்கும்போது அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை, ‘ஃபோன்ஸோ, என்னைக் கொண்டுபோகச் சொல்லாதீங்கன்னு ஆபீஸ்ல கெஞ்சினேம்பா’ என்று மட்டும் சொன்னார். அப்பா அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம்தான் உறையைப் பிரித்தார். இப்போது நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே போலிகோனோவில், இந்த உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறதே அதுதான் நம் முகவரி. மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறது, குளிர்காலத்தில் சுவர் ஓதம் காப்பதில்லை, குளிக்க வெந்நீர் நிமிஷத்தில் வருகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய சந்தில் எவென்சியா அம்மாள் ஒருத்தி மட்டும் மிச்சம், மற்றப் பத்து வீட்டிலும் பெட்டி உருட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான். கல்லில் சக்கரம் உருளுகிற சத்தத்துக்கு எழுந்து திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லையாம்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்போது நீ வேலையில் சேர்ந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கிளம்பும்போது விமான நிலையத்தில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை, ‘உங்களுக்கு ஒண்ணுன்னா அடுத்த விமானத்துல நிப்பேன்’ என்றாய். நீ நிற்பாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் பயம். ‘நாம நாலு பேருல அவன் ஒருத்தனாவது போய்ச் சேர்ந்த எடத்துல காலூணட்டும், சக்ரா’ என்றார் அப்பா. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம், தள்ளித் தள்ளி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நீ அனுப்பிய பார்சலை எல்லாம் வெனான்சியோதான் இந்தப் பக்கம் திருப்பி விட்டார். (வீடியோவில் உன்னை ஏமாற்றிய பெருமை முழுக்க எனக்கே சேரும். எலுமிச்சம்பழம் போட்ட பழைய திரைச்சீலையையும் சுவர்க் கடிகாரத்தையும் இங்கே என் அறையில் ஒரு மூலையில் மாட்டி, பழைய சமையலறை ஓடு மாதிரி அச்சடித்த தாளை ஒட்டி, அம்மாவை முன்னால் உட்காரவைத்தேன். ‘அம்மா, இடதுபக்கம் சாயாதே, சாயம் வெளுத்துரும்’ என்று சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணியை என் போனிலிருந்து ஓடவிடுவேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக ஓடிய குறும்பு அதுதான். ஆனால் போன நவம்பரில் ஒருநாள் நீ, ‘சும்மா இரு, பேசாதே, மணி அடிச்சு முடியட்டும், அதைக் கேட்டா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு’ என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் எனக்கு அதில் விளையாட்டு இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தினால் ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்பாயே.)

அதனால் என் யோசனை, அந்த வீட்டை ரத்து செய்துவிடு. நேராக இங்கே வாருங்கள், அடுத்த வீட்டில் மடக்குக் கட்டில் இரண்டு கேட்டு வைத்திருக்கிறேன். நிலையத்திலிருந்து பஸ் மாறித்தான் வரவேண்டும், ஆனால் ஏறுவதற்கு மலை இல்லை, அவர் முழங்காலுக்கு நல்லதுதான். முதல்முறையாகச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பிள்ளை பிறந்த வீட்டுக்கு வாடகை கட்டிப் படுத்தான் என்று அவர்கள் முன்னால் நம் மானம் போகவேண்டாம். அப்பாவுக்காகவும்தான் சொல்கிறேன். அவர் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாலத்தைத் தாண்டவில்லை. ‘நமக்கு இல்லாத எடத்துல நமக்கென்ன வேலை’ என்பார். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி ஓய்வுபெற்றவர்கள் சங்கத்தில் சீட்டாடிவிட்டு, பதினொன்றுக்கு ரொட்டியோடு வருவார். இங்கேயும் ரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, நம் பழைய சந்துமுனைக் கடை ரொட்டி மாதிரியே மேல் ஓடு மொறுமொறு என்று.

(அண்ணா, இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், மெதுவாகப் படி. அந்த வீட்டுக்கு இப்போது ‘மூன்று பண்பாடுகளின் கூடு’ என்று பெயர். தங்கிப்போனவர்கள் வலையில் எழுதிவிட்டுப் போனதைச் சிரிப்பதற்காக உட்கார்ந்து படித்தேன், சன்னலில் பல்லி, தலையணையில் பள்ளம், இப்படி. அதில் ஒரு ஜெர்மன்காரர், வீடு அருமை, ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு கிழவர் ரொட்டிப் பையோடு எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று எங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், தொந்தரவு இல்லை, ஆனாலும் கொஞ்சம் சங்கடம், அதனால் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். இன்னொரு பெண்மணி, ஒரு வயதானவர் பூந்தொட்டியைக் காட்டிக் காட்டி ஏதோ கெஞ்சினார், மொழி புரியவில்லை, கதவைச் சாத்திவிட்டோம் என்று. தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பார். அண்ணா, அந்தப் பூ பிளாஸ்டிக். தேதியை எல்லாம் பார்த்தேன், இரண்டு வருஷமும் இருக்கிறது, போன வாரம் வரைக்கும். சீட்டாட்டச் சங்கம் காலையில் திறப்பதே பத்தரைக்குத்தான் என்று விசாரித்துவிட்டேன். அந்த ரொட்டி பழைய கடை ரொட்டி மாதிரி இல்லை, பழைய கடை ரொட்டியேதான்.

எனக்கும் கோபம் இருந்தது. போன வருஷம் ஒருநாள் அங்கே போய், வாசலில் தொங்குகிற சாவிப் பெட்டியின் எண் சக்கரத்தில் சூயிங்கத்தை மென்று அப்பிவிட்டு மறைந்து நின்றேன். நாலு பேர் வந்தார்கள், மழை வேறு. அதில் ஒரு சின்னப் பெண் பெட்டிமேல் உட்கார்ந்து ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று அழுதாள். மொழி தெரியாவிட்டாலும் அது தெரிந்துவிடுகிறது. நானே போய்க் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்துக்கொடுத்தேன். எனக்கு நன்றி சொல்லி ஒரு சாக்லேட் கொடுத்தார்கள். நம் வாசற்படியில் நின்றுகொண்டு எனக்கு. நீ ரத்து செய்யாதே.)

என்னடி இவ்வளவு நேரம் எழுதுகிறாய், நான் சொன்னது நாலு வரி என்றேன், என் மொழி தூயதாக வரவேண்டும் என்று திருத்திக்கொண்டிருக்கிறாளாம், நம்பிவிட்டேன். லெயாந்த்ரோ, கொஞ்சம் பொறு. ரத்து செய் என்று சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். ஒரு விஷயம் கேட்டால் சிரிக்கக்கூடாது. ஆறு பேர் தங்கலாம் என்று போட்டிருக்கிறது, நீங்கள் நாலு பேர், இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. வியாழக்கிழமை ஒரே ஒரு இரவு என்னையும் அப்பாவையும் விருந்தினர் பட்டியலில் சேர்த்துவிடுகிறாயா. தங்குகிறவர்கள் எல்லோருடைய அடையாள அட்டை எண்ணையும் போலீசுக்குக் கொடுக்கவேண்டுமாம், தனித்தாளில் வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் அங்கே படுத்து எழுந்தபோது யாரும் என்னிடம் எண் கேட்டதில்லை, பரவாயில்லை, இப்போது கேட்கட்டும். படத்தைப் பார்த்தால் சமையலறைச் சுவரை இடித்து நம் அறையோடு சேர்த்திருக்கிறார்கள், நான் படுத்தால் அடுப்பு இருந்த இடத்தில் தலை வரும் என்று நினைக்கிறேன். எனக்கு எங்கே என்றாலும் சரி. விடிகாலையில் கோவில் மணியைப் படுத்தபடியே ஒரு தடவை கேட்கவேண்டும், காசில்தாவின் போனிலிருந்து வருகிற மணி போதும் போதும் என்றாகிவிட்டது. யெர்காவிடம் உண்மையை நீயே சொல்லிவிடு, அவளிடமும் மறைத்தால் இந்த வியாதி அடுத்த தலைமுறைக்கும் போகும். அவள் அப்பா அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று அவளே முடிவு செய்யட்டும். அப்பாவிடம் நான் இன்னும் இதைக் கேட்கவில்லை. வரமாட்டேன் என்றுதான் சொல்வார். (எனக்கு எந்தக் கட்டிலும் வேண்டாம், ஏழாவது ஆளாகக் கணக்கில் வராமல் குளியல் தொட்டியில் படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், தொட்டியையும் எடுத்துவிட்டார்களாம். நான் எவென்சியா அம்மாள் வீட்டில்.)

எங்கள் மேல் கோபம் வந்தால் ஒரு நாள் முழுக்கக் கோபித்துக்கொள், அதற்குமேல் வேண்டாம். ஏமாற்றவேண்டும் என்று செய்ததில்லை என்று சொன்னால் அதுவும் பொய், உன்னை அங்கேயே நிற்கவைக்கத்தான் ஏமாற்றினோம். திருமுழுக்கின்போது உன் நெற்றியில் போட்ட சிலுவையை இப்போது இடதுகையால் இந்தத் தாளின்மேல் போட்டிருக்கிறேன், கோணலாக இருந்தாலும் பலிக்கும். நீ தொட்ட வேலை துலங்கட்டும், யெர்காவோடு மனம் ஒத்து வாழு, மாதா உன்னோடு கடலுக்குள் வரட்டும். அம்மா சக்ராரியோ.

(கடிதம் முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. அப்பா ரொட்டியோடு உள்ளே வந்தார். ‘யாருக்குடா?’ என்றார், என்னை எப்போதும் டா போட்டுத்தான் கூப்பிடுவார். நான் மறைப்பதற்குள் தாளை எடுத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். தபால்காரர் இல்லையா, கையெழுத்து எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் அவருக்கு ஓடிவிடும். அடைப்புக்குள் இருந்ததையும் படித்தார். ஜெர்மன்காரர் வந்த இடத்தில் நின்றார், எனக்குத் தெரிந்தது. ‘என்னடி எழுதித் தொலைச்சே, மனுஷன் இப்படி நிக்கறாரு’ என்று அம்மா கேட்க, ‘ஒண்ணுமில்ல சக்ரா, புள்ள நல்லாத்தான் எழுதியிருக்கு’ என்றார். ‘அப்படீன்னா வியாழக்கிழமை ராத்திரி?’ என்றார் அம்மா. அப்பா என்னிடம் பேனாவைக் கேட்டார். கொடுத்தேன்.)

லெயாந்த்ரோ, அப்பா. எல்லாம் படித்தேன். எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

பட்டியலில் என் பெயரையும் எழுது. வியாழன் இரவு அம்மாவோடு வருகிறேன். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் காலி செய்யவேண்டும் என்று அவர்கள் விதியில் இருக்கிறது. நாம் பத்து மணிக்கே கிளம்பிவிடுவோம். அந்த வீட்டை விட்டுப் போ என்று இன்னொரு தடவை எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

உன் அப்பா,
இல்தெஃபோன்ஸோ